நான் செய்த போனில் வந்த முதல் அழைப்பு

யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளும்படி, திறந்த மூல மென்பொருளை வைத்து குத்துக்கல்வலசை வீட்டில் நானே ஒரு ஸ்மார்ட்போன் செய்துகொண்டிருந்தேன். அதற்கு வாங்கிய புது 4ஜி மோடத்தைச் சோதிக்க, அம்மாவின் பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றினேன். திருப்பிப் போட மறந்துவிட்டேன். அம்மா அந்த வெறும் போனோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டாள்.

மதியம் நான் செய்த போன் முதன்முதலாக மணியடித்தது. துள்ளிக் குதித்து எடுத்தேன்.

“யாருய்யா என் நம்பர்ல? மெயினருவில வெள்ளம் வந்துட்டு. கூட வந்தவுகளக் காணல. என் போனு செத்துக் கெடக்கு, ஒரு பொண்ணு போன்ல பேசுதேன். என் நம்பரத் தவிர எனக்கு எதுவும் தெரியாதுய்யா. என் மவன்ட்ட சொல்லுங்க!”

“அம்மா, நாந்தாம்மா!” என்று கத்தினேன். என் போனின் மைக் வேலை செய்யவில்லை.

“ஒரு வார்த்த பேசுய்யா” என்று கெஞ்சி அழுதாள். அழைப்பு அறுந்தது.

அழுதுகொண்டே, திரையில் இருந்த எண்ணை என் பழைய போனில் அழைத்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். “அழாதிய அண்ணாச்சி, ஆச்சி இங்கன என் பக்கத்துலதான் இருக்காவ.”

அந்தப் பெண்ணின் எண் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றாத அம்மா, இன்றும் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறாள். “எவனோ ஒரு பாவி எடுத்தாம்லே. வாயே தொறக்கல.”

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.