ஐயா வெயிலில் காத்திருந்த நாள்

ஐயாவைக் கொழும்பிலிருந்து ஏற்றிவந்த அம்புலன்ஸ் எங்கள் இல்லத்து வாசலில் வந்து நின்றபோது, தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் காத்திருந்தார்கள். யாரும் அவர்களுக்கு அறிவித்திருக்கவில்லை. ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே இராணுவம் துவக்கோடு வந்து கலைக்கிற காலம் அது. படுக்கையோடு அவரை இறக்கியபோது ஒருவரும் கிட்ட வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்துபோன ஒரு சிங்களக் கிழவர் மட்டும் முன்னால் வந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த ஐயாவின் பாதத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் பின்னால் போனார். வீங்கிப்போன பாதம், தோல் பளபளத்தது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. தாதி வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வந்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். சனங்களுக்கு அவர் என்னவாக இருந்தார் என்பதுதான் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த இல்லத்தைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்களுக்கு அங்கே பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. நோவைக் குறைப்பதும், புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பதும், பக்கத்தில் இருப்பதும்தான் எங்கள் வேலை. ஐயாவுக்கு வயிற்றில் புற்றுநோய். மனைவி முன்னரே இறந்துவிட்டார். பிள்ளைகள் கடல் கடந்து போயிருந்தார்கள். அவர் ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கி, பாராளுமன்றம் போய், அமைச்சராகி, நாடே அறிந்த மனிதராக இருந்தவர். வெருகல் ஆறு பெருகிய வருடம் அரிசி மூட்டைகளோடு தானே வள்ளத்தில் ஏறிப்போனார் என்று சனங்கள் சொன்னார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, தன் தகப்பனின் வேலையை ஐயாதான் மீட்டுத் தந்தவர் என்று என்னிடமே இரண்டு தடவை சொல்லி அழுதார்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தோப்பூரிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகள் வந்தன. திரியாயிலிருந்து பாசிப்பயறு வந்தது. ஐயாவால் தண்ணீரையே விழுங்க ஏலாது. ஆனாலும் கொண்டுவந்தவரின் முகம் வாடக்கூடாது என்று, ஒரு கரண்டி நுனியில் தயிரை எடுத்து உதட்டில் தடவச் சொல்வார். தடவுவேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். அவர்கள் போனபின் நான் துடைத்துவிடுவேன்.

கூட்டம் குறையாததால் இராணுவ முகாமிலிருந்து உத்தரவு வந்தது. பார்க்க வருகிற ஒவ்வொருவரின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். தினமும் மத்தியானம் ஒரு சிப்பாய் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவான். எழுத்து வடிவாக இருக்கிறதென்று இல்லத்துக்குப் பொறுப்பான மதர் அந்த வேலையை எனக்குத் தந்தார். “பொய் எழுதாதை பிள்ளை. பிடிபட்டால் இல்லத்தைப் பூட்டிப்போடுவாங்கள். இந்தப் பன்னிரண்டு பேரையும் எங்கை கொண்டுபோறது?” என்றார்.

வெருகலிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தது ஒரு காலை நேரம். கணவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆற்றில் மீன் பிடிப்பவர். அந்த வெள்ளத்தில் ஐயா வள்ளத்திலிருந்து கை நீட்டித் தூக்கிய பிள்ளைகளில் தானும் ஒருவன் என்றார். அவர்களுடைய ஊர் அப்போது இராணுவத்தின் கையில் இருக்கவில்லை. அங்கிருந்து வருகிறவர் எவரானாலும் சந்தேகம்தான்.

கொப்பியைக் கண்டதும் அவர் தயங்கினார். “பேர் எழுதத்தான் வேணுமோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை. எழுதாமல் உள்ளுக்கு விட ஏலாது.”

மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். நான் எழுதினேன். உள்ளே போய் ஐயாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, மத்தியானம் கடந்துதான் புறப்பட்டார்கள்.

இரண்டு மணித்தியாலத்தில் அந்தப் பெண் தனியே திரும்பி வந்தார். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்த இடத்தில் கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். “கடதாசியைப் பாத்துப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள்” என்றார். பட்டினத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு யாரையும் தெரியாது. ஐயாவின் கட்டிலடியில் வந்து இருந்துவிட்டார். அழக்கூட இல்லை. எழுதியது நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஐயா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “என்னைக் கதிரையில் ஏத்துங்கோ. முகாமுக்குப் போவம்” என்றார். மதர் தடுத்துப் பார்த்தார். “நான் இனி எதுக்குப் பத்திரமா இருக்கிறது, மதர்?” என்று ஐயா கேட்டபிறகு மதரே கதவைத் திறந்துவிட்டார்.

சில்லுக் கதிரையில் அவரைத் துணியால் கட்டி நான் தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பெண் பக்கத்தில் நடந்தார். முகாம் வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். பின்னேர வெயில் நேரே முகத்தில் விழுந்தது. ஊசி போட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. நோவு திரும்பிவிட்டதை அவருடைய விரல்களில் கண்டேன். தெருவில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். நிற்க ஒருவருக்கும் துணிவில்லை. அப்போதுதான் ஐயா அந்தப் பெண்ணிடம் மெல்லச் சொன்னார்: “பிள்ளை, இப்படி ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போறதுக்கு இவங்களிட்ட ஒரு சட்டம் இருக்கு. அதை நீடிக்கப் பாராளுமன்றத்தில மாசத்துக்கு மாசம் கை தூக்கின ஆக்களில் நானும் ஒருத்தன். பதவி போயிடும் எண்டு பயந்தனான்.” அந்தப் பெண் தன் சேலைத் தலைப்பை விரித்து அவருடைய தலைக்கு மேல் பிடித்தார். வெயில் இறங்கும்வரை கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் ஒரு இளம் அதிகாரி வந்தார். ஐயாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தன் தகப்பன் கொழும்புத் துறைமுகத்தில் ஐயாவின் சங்கத்தில் இருந்தவர் என்றும், வீட்டில் ஐயாவின் படம் மாட்டியிருந்தது என்றும் சிங்களத்தில் சொன்னார். குளிர்ந்த தண்ணீர் எடுப்பித்தார். ஐயா, பிடிபட்டவரின் பெயரைச் சொன்னார். அதிகாரி நிலத்தைப் பார்த்தபடி, அப்படி ஒருவர் இங்கே கொண்டுவரப்படவில்லை என்றார். ஐயா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில், அதே மரியாதையோடு. திரும்பும்போது எங்களைக் கொண்டுபோய்விட ஜீப் தருவதாகச் சொன்னார். ஐயா வேண்டாம் என்றார்.

அதன்பிறகு அவர் யாரையும் பார்க்க மறுத்துவிட்டார். “எனக்கு நினைவு தப்பிட்டுது எண்டு சொல்லி அனுப்புங்கோ. ஒரு பேரும் எழுதாதையுங்கோ” என்பதுதான் எனக்கு அவர் தெளிவாகச் சொன்ன கடைசிச் சொல். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். சிலர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். முகாமுக்குப் போய்வந்த ஒன்பதாம் நாள் விடிய அவர் போய்விட்டார். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. கொழும்பிலிருந்து பெரிய மலர்வளையம் ஒன்று வந்தது. ஊர்கூடித் தோளில் சுமக்க வேண்டியவரை நான்கு கூலியாட்கள் சுமந்தார்கள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. லோஞ்சில் போன இடத்துக்கு இன்று பாலங்களைக் கடந்து பஸ்ஸில் போகலாம். சென்ற வருடம் பட்டினத்தில், காணாமற்போனவர்களின் வீட்டார் படங்களோடு இருக்கிற பந்தலில் அந்தப் பெண்ணைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் இருந்து, இவ்வளவு காலம் தொண்டைக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அக்கா, அந்தப் பேரை எழுதினது நான்தான்.”

“தெரியும்” என்றார். “அவர் சொல்லேக்கை நானும் பக்கத்திலதானே நிண்டனான்.”

மடியிலிருந்த கணவரின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“ஐயாவும் தன்ர பிழையைச் சொன்னவர். இப்ப நீங்களும் சொல்லுறீங்கள். கொண்டுபோனவங்கள்தான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”