செவெரோ உகால்தே கான்சலாக இருந்தாரா?

தோன் செவெரோ உகால்தே 1913 ஏப்ரல் முதல் 1914 அக்டோபர் வரை, ஹோண்டுராஸ் கடற்கரையின் சிறு துறைமுகம் ஒன்றில் மெக்சிகோவின் தூதரக அதிகாரியாக, அதாவது கான்சலாகப் பணியாற்றினார். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு உரிமை உண்டா என்பதே பதினோரு ஆண்டுகள் தீராமல் கிடந்த கேள்வி. அவருடைய அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். அரசிதழ்களை வாசித்தே சட்டம் கற்றேன். கையிலுள்ள தாள்கள் கூறுவதை மட்டுமே இங்கே தருகிறேன். அவை ஒன்றோடொன்று முரண்படுவது என் பிழையன்று.

அவர் கெரேத்தாரோ நகரத்து மெழுகுவத்தி வணிகர் ஒருவரின் மகன். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே பிரெஞ்சு படித்துத் தேர்வெழுதி வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். முப்பத்தாறாம் வயதில் கான்சலானார். துறைமுகத்தில் என் மகளுக்கு ஞானத்தந்தையாக நின்றார்; அன்றுமுதல் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றே அழைத்துக்கொண்டோம்.

1914 ஜூலையில் அவரை நியமித்த அரசின் தலைவர் நாட்டை விட்டு ஓடினார். ஆகஸ்டு 3ஆம் தேதி தலைநகரிலிருந்து ஒரு தந்தி வந்தது: தோன் செவெரோ முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார். 5ஆம் தேதி வடக்கிலிருந்த புரட்சி அரசிடமிருந்து இன்னொன்று: முத்திரையையும் ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் என்று அதில் இல்லை. இரண்டையும் வந்த நேரம் குறித்துக் கோப்பில் சேர்த்தேன்.

சுவரில் தொங்கிய தலைவரின் படத்தை என்ன செய்வதென்று கேட்டேன்.

"பழைய ஜனாதிபதி ஹுவாரெஸ் படத்த மாட்டுங்க, கொம்பாத்ரே. அவர இறக்கச் சொல்லி யாரும் தந்தி அடிக்க மாட்டாங்க. செத்து நாப்பத்திரண்டு வருஷமாச்சு."

அந்தப் படத்தின் கீழேதான் செப்டம்பர் 9ஆம் தேதி பெலிசித்தாஸ் அரோயோவுக்கும் கப்பல் பொறியாளர் லாதிஸ்லாவோவுக்கும் அவர் திருமணம் நடத்திவைத்தார். அயல்நாட்டில் நம் மக்களின் திருமணங்களைப் பதிவது கான்சலின் கடமை.

"எந்த அரசாங்கத்து பேர்ல கட்டிவைக்கிறீங்க, தோன் செவெரோ?" என்று மணப்பெண் கேட்டாள்.

"குடியரசு பேர்ல, மகளே. மத்தத என்கிட்ட கேக்காதே."

ஒப்படைக்கச் சொன்னவர்களைத் தேடி அம்மாத இறுதியில் ஆவணப் பெட்டிகளோடு நாங்கள் கப்பலேறினோம். வெராக்ரூஸில் இறங்கியபோது துறைமுகம் அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. அதற்குள் புரட்சி அரசின் வசமாகியிருந்த தலைநகரை அடைந்ததும் உத்தரவு ஒன்று எங்கள் கையில் தரப்பட்டது: 'கான்சல் உகால்தே, பணியிடத்தைக் கைவிட்டு ஓடியதற்காக அக்டோபர் 12 முதல் நீக்கப்படுகிறார்.' அடுத்த வரியில் என் பெயர்.

எங்களைத் தேடவைத்தவர்களே எங்களை ஓடியவர்கள் என்றனர். ஓடியவன் என்ற சொல்லோடு வாழ அவரால் இயலவில்லை. அதை நீக்கக் கோரி பதினேழு மனுக்கள் கொடுத்தார். பதினேழையும் தட்டச்சு செய்தவன் நான்.

1925 மார்ச்சில் அமைச்சகம் எங்களை அழைத்தது. பாவோன் என்ற அதிகாரி மலர்ந்த முகத்தோடு வரவேற்றார்.

"வழி கெடச்சிருச்சு, தோன் செவெரோ. உங்கள நியமிச்ச அரசாங்கம் செஞ்ச எதுவும் செல்லாதுன்னு பழைய ஆணை இருக்கு. அப்ப உங்க நியமனமும் செல்லாது. நியமிக்காத ஆள எப்படி நீக்குறது? நீக்க உத்தரவ ரத்து பண்ணிடலாம். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"அப்ப நான் ஓடல?"

"நீங்க அங்க இருக்கவே இல்லீங்க."

என் நண்பர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். மகிழ வேண்டுமா என்பது எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. வீட்டில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுமென்று தாளை வாங்கிக்கொண்டோம்.

நான்காம் நாள் பெலிசித்தாஸ் எங்களைத் தேடி வந்தாள். லாதிஸ்லாவோ ஜனவரியில் இறந்திருந்தார். திருமணமே நடக்கவில்லை என்று கூறி, அவருடைய சகோதரர்கள் ஒரிசாபா நகரத்து வீட்டிலிருந்து அவளையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வெளியேற்ற வழக்குத் தொடுத்திருந்தனர்.

"அமைச்சகத்துல போய்க் கேட்டேன். அன்னிக்கு நீங்க கான்சலா இருந்தாதான் சான்றிதழ் தருவாங்களாம். இருந்தீங்கதானே, தோன் செவெரோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்புகளைப் புரட்டினேன். நியமனக் கடிதம் செல்லாது. பதவி உயர்வுத் தந்தியும் அவ்வாறே. இன்றைய அரசு ஏற்கும் தாள்களில் அவரைக் கான்சல் என்று குறிப்பிட்டது ஒன்றே ஒன்று: அக்டோபர் 12ஆம் தேதிய நீக்க உத்தரவு.

"அது மட்டுந்தானா, கொம்பாத்ரே?"

"மூணு தடவ பாத்துட்டேன்."

"ரத்தாயிட்டா?"

"இவங்க கல்யாணம் ஆகாதவங்க."

அவர் நெடுநேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பெலிசித்தாஸுக்கு எதுவும் புரியவில்லை. எங்கள் இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலை நான் தட்டச்சு செய்தது பதினெட்டாவது மனு. முந்தைய பதினேழையும் திரும்பப் பெறுவதாக அதில் எழுதியிருந்தது. பாவோன் அதை இருமுறை வாசித்தார்.

"இதென்னங்க? பதினோரு வருஷமா உசுர எடுத்துட்டு, இப்ப ஓடினத ஒத்துக்கிறேங்கிறீங்க?"

"ஒத்துக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் புரியல."

"பதவியில இருந்தவந்தானேய்யா ஓட முடியும். அக்டோபர் பன்னண்டு வரைக்கும் நான் கான்சல். செப்டம்பர் ஒம்பது அதுக்கு முன்னாடிதான் வருது. அந்தம்மாவுக்கு எழுதிக் குடுங்க."

பாவோன் நாட்காட்டியைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஒரே உத்தரவுல ரெண்டு பேரு இருக்கு. நீங்களும் ஓடினவருதானா?"

நான் ஓடவில்லை. அதை நிறுவும் கப்பல் பயணச்சீட்டும் ஒப்புகைகளும் அன்றும் என் பையில் இருந்தன. எனினும் என் கொம்பாத்ரேயின் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டேன்; அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நண்பகலுக்குள் சான்றிதழ் முத்திரையோடு வந்தது. பெலிசித்தாஸ் அதை மடித்து ரவிக்கைக்குள் செருகப்போனாள். தோன் செவெரோ ஒரு நிமிடம் அதை வாங்கி, 'கான்சல் செவெரோ உகால்தே முன்னிலையில்' என்ற வரியை விரலால் தொடர்ந்து படித்தார்.

"இதுல எனக்கொரு நகல் வேணும், கொம்பாத்ரே" என்றார்.