பூஜைத் தட்டில் தங்கிவிட்ட ஆயில் மூடி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் மாமனார். பின் சீட்டில் என் நாத்தனார், மடியில் ஹால் டிக்கெட். அன்று அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இந்தத் தடவை விட்டால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்று மாமா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால் சாவி என் கைக்கு வந்தது. மாமாவுக்கு அதில் அவ்வளவாகச் சம்மதமில்லை. ஊர் தாண்டும்வரை ஹாரன் அடி, பிரேக்கைப் பிடி என்று அவர்தான் வண்டி ஓட்டினார், ஸ்டியரிங் மட்டும் என்னிடம் இருந்தது.

பனவடலிசத்திரத்தை நெருங்கும்போது எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. "பூசைக்குப் போட்ட சாம்பிராணி வாடை உள்ளயே நிக்கி, நீ ஓட்டும்மா" என்றார் மாமா. எனக்கு மனசு கேட்கவில்லை. பானெட் இடுக்கில் லேசாகப் புகை தெரிந்ததும் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எல்லாம் ஒரே எண்ணெய். என்ஜினுக்கு ஆயில் ஊற்றுகிற வாய் திறந்து கிடந்தது. மூடியைக் காணோம்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் விவசாயி. வருஷா வருஷம் மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். கார் வாங்கிய பிறகு வந்த முதல் பூஜை அது. காரைத் தூக்கி வீட்டுக்குள் வைக்க முடியாதே, அதன் சார்பில் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று அந்த மூடியைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் தட்டில் வைத்திருக்கிறார். மறுநாள் அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டோம். காருக்குக் கையில்லை, அதனால் மூடி அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அன்றுதான் வண்டியை எடுத்திருந்தோம்.

நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டாள். மாமா ஓடிப்போய்க் கை காட்டியும், பண்டிகைக் கூட்டத்தோடு வந்த பஸ் நிற்காமல் போய்விட்டது. பதற்றத்தில் அவர் தோள் துண்டைச் சுருட்டி அந்த வாயில் திணிக்கப் போனார். சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"துணி உள்ள போச்சுன்னா என்ஜினே போயிரும் மாமா. நான் பாத்துக்கிடுதேன், நீங்க அந்தா தெரியுத பெட்ரோல் பங்க்ல போய் ஆயில் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்று டப்பாவில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கார் வாங்கியபோது கூடவே கொடுத்த புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தவள் நான். கணவர்கூட, "பரீட்சையா எழுதப் போற?" என்று கேலி செய்வார். அன்று நிஜமாகவே பரீட்சைதான்.

எதிரிலேயே ஒரு பஞ்சர் கடை. அங்கே டிராக்டர் டியூபிலிருந்து கனமான ஒரு துண்டை வெட்டி வாங்கினேன். அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. உயிர் வந்தது. மாமா வாங்கி வந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பொறுத்து, அளவு பார்த்தேன். சிந்திக் கிடந்ததைத் துடைத்துவிட்டு, டியூப் துண்டை வாய்மேல் இழுத்து மூடி, கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றினேன். ஸ்டார்ட் செய்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

"மதினி, போயிரலாமா?" என்றாள் நாத்தனார். "ஏறுட்டி" என்றேன்.

நிதானமாகத்தான் ஓட்டினேன். வழியில் ஒருமுறை நிறுத்திக் கட்டைச் சரிபார்த்துக்கொண்டேன். மாமா ஹாரனைப் பற்றியும் பேசவில்லை, பிரேக்கைப் பற்றியும் பேசவில்லை. காவலாளி கேட்டில் கை வைத்திருந்த நேரத்தில் அவள் இறங்கி ஓடினாள். உள்ளே போய்விட்டாள். நடுரோடு என்றும் பார்க்காமல் சந்தோஷத்தில் கத்தியிருப்பேன், மாமா பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அவள் தேர்வு எழுதி முடிப்பதற்குள் ஒரு உதிரிபாகக் கடையைத் தேடிப் பிடித்துப் புது மூடி வாங்கினோம். உள்ளே ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திருகினேன். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. கடைக்காரர் மாமாவிடம், "அண்ணாச்சி, டிரைவர் யாரு?" என்று கேட்டார். "எம் மருமவதான். வண்டியப் பத்தி எதுன்னாலும் அவகிட்ட கேளும்" என்றார் மாமா. சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

நாத்தனார் அந்தத் தேர்வில் ஜெயித்து இப்போது அரசு ஊழியர். அவளுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது வந்து உதவ மாட்டார்களா என்று ரோட்டைப் பார்த்து நிற்காமல் முதலில் பானெட்டைத் திறக்கிற ஆள் நான் என்பது அன்று காலையில்தான் எனக்கே தெரிந்தது. அந்தப் பெருமை இன்றைக்கும் துளிகூடக் குறையவில்லை.