தட்டைக் கழிச்சீங்களா?

உக்கடத்தில் தராசு பழுது பார்க்கும் வேலுமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். தராசு சரியில்லை என்று கடைக்காரர் யாராவது வந்தால், கோளாறைப் பார்க்கும் முன்பே பாடத்தை ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்க, படியில அளந்தா தெரியறது அது அடைக்கிற இடம். அரிசியும் ஒரு படி, பொரியும் ஒரு படி. ரெண்டும் ஒண்ணாயிருமுங்களா? இந்த ஸ்பிரிங் தராசு காட்டறது எடை, பூமி இழுக்கிற இழுப்பு. நிலாவுல கொண்டுபோயித் தொங்கவிட்டா ஆறுல ஒரு பங்குதான் காட்டும். ஆனா மூட்டைக்குள்ள அரிசி ஒரு மணி குறையாதுங்க. அதுதான் நிறை."

முடிவில் ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. "தட்டோட எடையைக் கழிச்சீங்களா?" பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

இப்படி ஊருக்கே உபதேசம் செய்த மனிதரை ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய தராசே கலங்கடித்துவிட்டது.

கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பிறந்த மகள். மாதம் நிறையும் முன்பே வந்துவிட்டாள். பிறந்தபோது இரண்டே கிலோ. எடை ஏறாவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டும் என்று சொல்லித்தான் மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்த நாட்கள் இன்னொரு முறை வேண்டாம் என்றிருந்தது வேலுமணிக்கு. அதனால் வாராவாரம் துணித் தூளியில் போட்டு, ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு அவரே நிறுத்தார். தூளியின் எடையைக் கழிக்க அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

போன வாரம் தாய்மாமன் தனபால் காரமடையிலிருந்து சீர் கொண்டுவந்திருந்தார். சொந்தபந்தம் சுற்றி நிற்க நிறுத்துக் காட்டியபோது இரண்டு கிலோ நானூறு கிராம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இந்த வாரம் இரண்டு கிலோ முந்நூற்றைம்பது.

தராசின் மேல் சந்தேகப்பட்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கல் சரியாகவே காட்டியது. பிள்ளையை மறுபடி நிறுத்தார். அதேதான்.

"சட்டையெல்லாம் இறுக்கிப் புடிக்குதுங்க. எப்படிங்க எடை குறையும்?" என்றாள் மனைவி பிரவீனா.

"சட்டை இடத்தைத்தான் சொல்லும், அம்மணி. பொரி மூட்டைகூடப் பெருசாத்தான் இருக்குது" என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவரையே சுட்டது.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். நர்ஸ் சாஜிதா பேகம் குழந்தையின் துணியை எல்லாம் கழற்றிவிட்டு நிறுத்தார். அதே இரண்டு முந்நூற்றைம்பது.

"நல்லா ஏறியிருக்குதுங்களே" என்றார் நர்ஸ், பிறந்த எடை எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு.

"இல்லீங்க சிஸ்டர், போன வாரம் நானூறு இருந்துச்சுங்க." என்றார் வேலுமணி.

"அன்னிக்குப் பாப்பா உடம்புல என்ன போட்டிருந்தீங்க?"

பிரவீனா தலையில் கைவைத்துக்கொண்டாள். மாமன் சீராக வந்த வெள்ளி அரைஞாண், காப்பு, கொலுசு. அத்தனையும் பூட்டித்தான் அன்றைக்குப் பிள்ளையைத் தொங்கவிட்டார்கள். காப்பு கன்னத்தைக் கீறுகிறது என்று மறுநாளே கழற்றிக் கைப்பையில் போட்டவள் அவள்தான். அவசரமாக எடுத்துத் தராசில் வைத்தாள். இருநூறு கிராம். தனபாலுக்குத் தாராளமான கை.

அப்படியானால் போன வாரம் பிள்ளை இரண்டு கிலோ இருநூறுதான். ஒரே வாரத்தில் நூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறாள்! வேலுமணி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தூளித் துணியைக்கூடக் கழித்தவருக்கு, மச்சான் சீர் செய்த பெருமையில் வெள்ளி கண்ணில் படவே இல்லை.

"ஏனுங்க, தட்டைக் கழிச்சீங்களா?" என்றாள் பிரவீனா.

"போதும் அம்மணி, மானத்தை வாங்காத."

திரும்பும்போது பஸ்ஸில் வழி நெடுக அவரே குழந்தையை வைத்திருந்தார். பாதி வழியில் பிரவீனா கையை நீட்டினாள்.

"இப்படிக் குடுங்க. கை வலிக்குமுங்க."

"வலிக்கட்டும், அம்மணி. நல்லா வலிக்கட்டும்."