ஆறு விநாடிக் கௌரி

மெல்போர்னில் வெளியே வெயில் கொளுத்தும் நாட்களிலும் நான் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். எங்கள் அனிமேஷன் நிறுவனத்தில் இருபது கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து வைத்திருக்கும் அறை எப்போதும் குளிர்ந்தே இருக்க வேண்டும். அந்த அறைக்கு இங்கே ‘ஃபார்ம்’ என்று பெயர். ஒரு படத்துண்டைக் கொடுத்தால் அவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு வரைந்து முடிக்கும். எது நின்றுபோனது என்று பார்ப்பது என் வேலை. ஃபார்மில் வேலை என்று எழுதியதற்கு, “அங்க என்ன வெள்ளாமை மாப்ள?” என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மச்சான் பதில் எழுதியிருந்தார்.

இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தொண்ணூறுகளின் பின்பாதியில் இந்த வேலை கிடைத்தபோது மகள் கௌரிக்கு நான்கு மாதம். இரண்டு வருஷத்தில் அவளையும் மனைவி செல்வியையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, இருவரையும் அவள் அண்ணனான மச்சான் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஒன்றரை வயதில் கௌரிக்கு மூளைக்காய்ச்சல். நான் விமானம் மாறி மாறி மதுரையில் இறங்கி, மச்சான் வீட்டு வாசலை மிதித்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. செல்வி என்னைப் பார்த்து அழவில்லை. “சாப்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு வாரத்தில் நான் திரும்பினேன். அவள் உடன் வர மறுத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு வீடியோ கேசட் தபாலில் வந்தது. கௌரி இருந்தபோது மச்சானின் புது வீட்டுப் பால்காய்ப்பில் எடுத்தது. உள்ளே செல்வியின் சீட்டு: ‘இதுல கௌரி ஆறு விநாடி வர்றா. கோடு கோடா ஓடுது, மூஞ்சியே தெரியல. உங்க மிஷின்ல சரி பண்ண முடியுமா?’

விநாடிக்கு இருபத்தைந்து வீதம், ஆறு விநாடி என்றால் நூற்றைம்பது படங்கள். மேலாளர் பீட்டரிடம் கேட்டேன். நல்ல மனிதர், சனிக்கிழமை தாமே வந்து, கீறலையும் புள்ளியையும் நீக்கும்படி எல்லாம் அமைத்துக் கொடுத்தார். என் மகளின் முகத்தை இருபது கம்ப்யூட்டர்களும் பங்கு போட்டுக்கொண்டன. மதியத்துக்குள் கௌரி வந்துவிட்டாள். கீழே இரண்டு பல். யாரோ கூப்பிட, திரும்பிச் சிரிக்கிறாள். பத்து முறையாவது பார்த்திருப்பேன். பிரதி எடுத்து அனுப்பினேன்.

கேசட் கிடைத்ததும் செல்வி போன் செய்தாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“மூஞ்சி நல்லா தெரியுது. பொட்டு எங்கங்க?”

“எந்தப் பொட்டு?”



“கன்னத்துல இருந்த திருஷ்டிப் பொட்டு. அன்னைக்குக் காலைல நான் வச்சது.”

நான் கவனிக்கவே இல்லை. பத்து முறை பார்த்தும் அது இல்லாதது தெரியவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு கௌரியை நான் பார்த்திருந்தால்தானே!

பீட்டரிடம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “ஆமாம், கன்னத்தில் ஓர் அழுக்கு. எல்லாப் படத்திலும் எடுத்தாயிற்று.” அது அவள் அம்மா வைத்தது, கண்ணுக்காக வைப்பது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “ஓ, கண்ணில் ஏதாவது நோயா?” என்றார் கவலையோடு. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு படத்தில் வைத்தால் போதும், மீதியில் கம்ப்யூட்டரே வைத்துவிடும் என்று அவர் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் முதல் படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு செல்வியைக் கூப்பிட்டேன்.

“எந்தப் பக்கம் வைப்ப?”

“இடது கன்னம். காதுக்குக் கொஞ்சம் முன்னால.”

“எம்புட்டுப் பெருசு?”

“மோதிர விரல் நுனி அளவு. ஆட்டிக்கிட்டே இருப்பா. ஒரு கையால தாடையப் பிடிச்சுக்கிடணும்.”

வைத்தேன். இன்னும் நூற்று நாற்பத்தொன்பது இருக்கிறது என்றேன்.

“மெதுவா வைங்க,” என்றாள். “அழுத்தி வச்சா அழுவா.” கௌரி போனதிலிருந்து அன்றுதான் அவள் அழுகையைக் கேட்டேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தேன். இடது கை தானாகவே நீண்டு, திரையில் குழந்தையின் தாடையைப் பிடித்திருந்தது. கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது.