கரும்பச்சை வண்டியின் ஏரியல் கம்பி

எங்கள் நைனா, என் அப்பா, மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பலர் அவரைப் ‘பொம்மைக் கார்காரர்’ என்று சொன்னவர்கள். சிலர் அவர் எதிரிலேயே சொன்னார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது என்பதால் அதையே எழுதுகிறேன்.

நைனா வடமாலபேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில், சொந்த நிலம் இல்லாத வீட்டில் பிறந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. பிறர் நிலத்தில் கரும்பு வெட்டினார். பிறகு திருப்பதியில் பஸ்களும் லாரிகளும் கழுவும் வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் சேர்ந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் குவைத்துக்குப் போகத் தொடங்கியபோது அவரும் போனார். அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் கழுவும் வேலை. பதினோரு வருடம் அதே வீடு, அதே வேலை.

அந்த வீட்டில் நின்ற கார்களில் ஒன்று பழைய அமெரிக்கக் கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, கரும்பச்சை நிறம். இந்த வகையை மசில் கார் என்பார்கள் என்று நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நைனா ‘முரட்டு வண்டி’ என்றுதான் சொல்வார். ஸ்டார்ட் செய்தால் சுவர் அதிருமாம். கழுவும் ஆட்களில் நைனாவை மட்டுமே அதைத் தொட முதலாளி அனுமதித்தார். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அதன் உள்ளே உட்கார்ந்ததில்லை என்று நைனா சொன்னபோது, ஏன் என்று கேட்டேன்.

“ஈரத் துணியோட தோல் சீட்டுல எப்டிம்மா குந்துறது?” என்றார்.

லீவில் வரும்போதெல்லாம் அந்த வண்டியின் சின்னப் பொம்மை ஒன்று பெட்டியில் இருக்கும். எனக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். விளையாடக் கொடுப்பார், இரவு திரும்ப வாங்கி வைத்துவிடுவார். ஊரோடு வந்துவிட்ட பிறகு திருப்பதிக் கடைகளிலும் வெளிநாட்டுப் பொம்மைகள் வர ஆரம்பித்தன. அவற்றைத் தேடிச் சென்னைக்கும் பஸ் ஏறினார். புது மாடல் காரைக் கடைக்காரர் காட்டினால், “இது அது இல்லியே சார்” என்று திருப்பிக் கொடுப்பார். முப்பத்து நான்கு சேர்ந்தன. முப்பத்து நான்கும் அதே வண்டி.

“பாத்திரம் வைக்கத்தான் கண்ணாடி பீரோ செஞ்சோம். பாத்திரம் கீழ கீது, காருங்க மேல கீது” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆயுத பூஜைக்கு முப்பத்து நான்கையும் இறக்கி, துடைத்து, முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பெங்களூரிலிருந்து ஒருமுறை இப்படிப் பொம்மைக் கார் சேர்க்கிறவர் ஒருவர் பார்க்க வந்தார். கறையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டி பிரிக்காமல், கை படாமல் வைத்தால்தான் மதிப்பு என்றார். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வண்டின்னா பூஜை போடணும் சார்” என்றார். அம்மா வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

நைனாவுக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. அந்த முப்பத்து நான்கில் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது. அவர் துடைத்த கரும்பச்சை இல்லை. அந்த வண்டியை அப்படியே ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். ஐந்தாவது வரை தமிழ், பிறகு தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். வேலை கிடைத்து முதலில் வாங்கியது நைனாவுக்கு ஒரு கிட். அதே வண்டி, ஆனால் உதிரி உதிரியாக வரும். நாமே ஒட்டி, நாமே பெயின்ட் அடிக்க வேண்டும். அப்போது அவருக்குச் சிறுநீரகக் கோளாறு தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் அந்த வேலையில் உட்கார்ந்தார். பச்சையில் கறுப்பும் ஒரு சொட்டு நீலமும் கலந்து, பழைய ஸ்பூனில் தடவிக் காயவைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, வேண்டாம் என்று அழித்து, மூன்று வாரத்தில் நிறத்தைப் பிடித்தார். செய்முறைத் தாளை நான் படித்துச் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

கடைசியில் ரேடியோ ஏரியல் கம்பி மிச்சம். வலதுபக்கம் முன்சக்கரத்துக்கு மேலே என்று தாள் சொன்னது.

“இல்லம்மா. பின்னால, இடது ஓரத்துல இருந்திச்சு.”

“இங்க படம் போட்டுகீது நைனா. நம்பர் போட்டுகீது.”

“தொடைக்கும்போது துணி மாட்டிக்கும்மா. தெனம் மாட்டிக்கும்.”

“எந்தக் காரை நெனச்சிக்கினு சொல்றியோ. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?”

சிறிது நேரம் தாளைப் பார்த்தார். “படிச்சவ சொல்ற. அப்போ அங்கயே வைம்மா” என்றார். நானே துளை போட்டு, வலதுபக்கம் முன்னால் வைத்து ஒட்டினேன். வண்டியைப் பீரோவில் முன்வரிசையில் வைத்தார். ஆனால் அவர் அதைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டார். கடைசி நாட்களில் வலி அதிகம். யாரையும் கடிந்து பேசவில்லை.

காரியத்தன்று பலமனேரிலிருந்து ஒருவர் வந்தார். குவைத்தில் அதே வீட்டில் டிரைவராக இருந்தவர். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு போட்டோவை எடுத்தார்.

“உங்க நைனா வண்டி கழுவுறத வெளாட்டுக்குப் புடிச்சேன் பாப்பா. வச்சிக்கோ.”

கரும்பச்சை வண்டி. பக்கத்தில் நைனா, என் இப்போதைய வயதில். பின்னால், இடது ஓரத்தில் ஏரியல் கம்பி. துடைத்த துணியை அதன்மேல் காயப்போட்டிருந்தார்.

“முன்னாலயும் ஒரு கம்பி இருந்திச்சா மாமா?” என்று கேட்டேன்.

“வண்டிக்கு எத்தினி கம்பி வைப்பாங்க பாப்பா? ஒண்ணுதான். மொதலாளி ஆசப்பட்டுப் பின்னால மாத்திக்கினாரு.”

தாளும் தப்பில்லை. அது வேறொரு வண்டியைச் சொன்னது.

நைனா ஒட்டிய வண்டியைப் போன வாரம்தான் கையில் எடுத்தேன். “சும்மா உடு, ஒடச்சிடப் போற” என்றார் அம்மா. பிறகு அவரே வண்டியைப் பிடித்துக்கொண்டார். ஊசியைச் சூடாக்கி, பின்னால் இடது ஓரத்தில் துளை போட்டு, கம்பியை மாற்றி நட்டேன். முன்னால் நான் போட்ட துளை அப்படியே இருக்கிறது. அடைக்கவில்லை.

நைனாவை ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், கடைசி வாரம் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், போட்டோவை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த பலமனேர் மாமாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நினைவு நாளில் கரும்பச்சை வண்டி நைனா படத்துக்கு முன்னால் இருக்கும். யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம். தூசி இருந்தால் துடைக்கலாம். பின்னால் இடது ஓரத்தில் மட்டும் மெதுவாகத் துடையுங்கள். துணி மாட்டும்.