சோத்தாங்கைப் பக்கம்

முனுசாமி அந்தச் சக்கரத்தைச் சரியாகத்தான் மாட்டினான். அது கழன்று ஓடியதற்குக் காரணம் நான். நான் மட்டும்தான்!

இதைச் சொல்ல வேண்டியது உங்களிடம் அல்ல, அவனிடம். அது தெரிந்தும் உங்களிடம் சொல்கிறேன் என்றால் என் யோக்கியதை எவ்வளவு என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். மேலே படிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஐம்பதுகளின் நடுவில் திருவள்ளூரில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தேன். நான் தொட்ட வண்டி இன்னொரு பட்டறைக்குப் போகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. தலைக்கனம் பிடித்த மனிதன் நான்... அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் நெல் மண்டி நடத்திய காசிம் பாய்க்குப் பூர்வீகம் பழவேற்காடு. அவருடைய தகப்பனார் உலகச் சண்டைக்கு முன்பு வாங்கிய கார் ஒன்று, கம்பிச் சக்கரங்களோடு மணப்பெண் மாதிரி இருந்ததாம். சண்டைக் காலத்தில் டயர் கிடைக்காமல் அந்தச் சக்கரங்களைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, தடித்த தகட்டுச் சக்கரங்களை மாட்டியிருந்தார்கள். சக்கரம் ஏறி உட்காரும் நடுக்குடம் வரைக்கும் மாற்றிவிட்டார்கள். தகப்பனார் காலமாகி, பாயின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானபோது வண்டி என்னிடம் வந்தது.

பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அத்தா வாங்குனப்போ எப்டி இருந்திச்சோ அப்டியே வேணும் மேஸ்திரி. வேற மாதிரி சக்கரம் போட்டா அது அத்தா வண்டி இல்ல."

பட்டணத்துப் பழைய சாமான் கடைகளை எல்லாம் அலசினேன். கம்பிச் சக்கரங்கள் கிடைத்தன, ஆனால் பிந்திய காலத்து வண்டிகளுடையவை. கம்பிகள் நெருக்கமாக இருக்கும், விட்டமும் சிறியது. பாய்க்கு என்ன தெரியப்போகிறது என்று அவற்றையே மாட்டிக் கொடுத்திருக்கலாம். என் கர்வம் விடவில்லை! காலத்துக்குப் பொருந்தாத சக்கரத்தை மாட்டினால் நான் என்ன மேஸ்திரி?

கடைசியில் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில் கண்டேன். அதே கம்பெனி, அதே காலத்து வண்டி. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. துருவுக்குக் கீழே அந்தச் சக்கரங்கள்... நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கோழியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் போ என்றார்கள்.

இனிமேல்தான் என் தவறு வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த வகைச் சக்கரத்தைப் பல நட்டுகள் சேர்ந்து பிடிப்பதில்லை. நடுக்குடத்தின் மரையில் ஏறி உட்காரும் ஒரே பெரிய நட்டுதான் பிடிக்கும். அதற்கு இரண்டு காதுகள் இருக்கும். மரச்சுத்தியால் காதில் தட்டி இறுக்க வேண்டும். வண்டியின் வலப்பக்கத்துக் குடத்தில் மரை ஒரு திசையிலும், இடப்பக்கத்தில் எதிர்த்திசையிலும் வெட்டியிருப்பார்கள். அப்போதுதான் ஓட ஓட நட்டு இறுகும். பக்கம் மாறினாலோ... ஓட ஓடக் கழன்றுகொண்டே வரும்.

எங்கள் தொழிலில் வலம் இடம் என்று பேசமாட்டோம். சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம். யாருடைய கை? டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுடைய கை. பட்டறைக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் இது. இதைத் தப்பாகச் சொன்ன ஆட்களை நானே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்!

அன்று கொட்டகை வண்டியிலிருந்து கழற்றிய குடங்களில் பெயிண்டால் 'சோ' என்றும் 'பீ' என்றும் எழுதினேன். பின்குடங்களை வண்டிக்குப் பின்னால் அமர்ந்து கழற்றியதால் அவை சரியாகவே அமைந்தன. முன்குடங்களை வண்டியின் மூக்குக்கு எதிரே அமர்ந்து கழற்றினேன். என் சோத்தாங்கைப் பக்கம் இருந்ததற்கு 'சோ' போட்டேன். அது வண்டியின் பீச்சாங்கைப் பக்கம். பட்டறைக்கு வந்து, அந்த எழுத்தை நம்பியே பாயின் வண்டியில் பொருத்தினேன். சக்கரம் கிடைத்த மகிழ்ச்சியில் புத்தி எங்கே போயிற்றோ!

நட்டுகளின் மேல் எந்தத் திசையில் கழலும் என்று அம்புக்குறி இருந்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று துருவோடு சேர்த்து அதையும் தேய்த்து எடுத்துவிட்டேன்.

வண்டியை ஓட்டிப் போக வந்தவன்தான் முனுசாமி. பாயிடம் வெகுகாலமாக டிரைவர். சாலையில் ஆடு குறுக்கே வந்தால் நிறுத்தி, அது போன பிறகுதான் நகர்த்துவான். நட்டைத் தட்டும் விதத்தை அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். பாய் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, தகப்பனாரின் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

பெரியபாளையத்தில் முன்சக்கரம் ஒன்று பஞ்சராகி, முனுசாமி அதைக் கழற்றி உபரிச் சக்கரத்தை மாட்டியிருக்கிறான். கவரைப்பேட்டையைத் தாண்டியதும் அந்தச் சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் ஓடியது. வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. பாயின் தொடை எலும்பு முறிந்தது.

எனக்குச் செய்தி வந்து நான் போனபோது பாயை வைத்தியத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பள்ளத்தில் இறங்கி வண்டியைப் பார்த்தேன். மறுபக்கத்து முன்சக்கரம்... முனுசாமி தொடாத சக்கரம்... அதன் நட்டும் பாதி கழன்றிருந்தது!

அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அந்த நட்டைக் கையாலேயே திருகி இறுக்கினேன்.

ஏன் செய்தேன்? பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயமா? பயம் இருந்தது. ஆனால் அதைவிட, என் பெயர்... அந்தப் பாழாய்ப்போன பெயர்! வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து, குடங்களைப் பக்கம் மாற்றிப் பொருத்தி, பெயிண்ட் எழுத்தைப் பெட்ரோல் விட்டுத் துடைத்தேன்.

புத்தூர்க் கட்டோடு பாய் கட்டிலில் கிடந்தார். மகளின் நிக்காஹ் தள்ளிப்போயிருந்தது. முனுசாமி காலடியில் நின்றுகொண்டிருந்தான். "நல்லா தட்டித்தான் மாட்டினேன் பாய். மேஸ்திரி இன்னா சொல்லிக் குடுத்தாரோ அதத்தான் செஞ்சேன்" என்றான்.

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மேஸ்திரி. உன் கைலேர்ந்து வரச்சே சரியாத்தான இருந்திச்சி?"

"சரியாத்தான் இருந்திச்சி பாய்" என்றேன்.

அவ்வளவுதான். ஒருவனுடைய வாழ்க்கையை முடித்துவைக்க அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பாய் அவனைத் திட்டவில்லை, போகச் சொல்லிவிட்டார். விஷயம் பரவி, அந்த வட்டாரத்தில் எவரும் அவனிடம் வண்டிச் சாவியைத் தரவில்லை. நெல் மண்டிகளில் மூட்டை தூக்கினான். பிறகு மாட்டுவண்டியில் வைக்கோல் ஏற்றினான். பாய் நடக்க ஆரம்பித்தார், ஆனால் கம்பு இல்லாமல் நடந்ததே இல்லை. என் பட்டறையில் மட்டும் கூட்டம் குறையவில்லை.

ஆரம்பத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், நல்லாத்தான் தட்டினேன் என்று சொல்வான். பிறகு, நல்லாத்தான் தட்டினதா ஞாபகம் என்றான். பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டான். அந்த மாற்றத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை!

ஒருநாள் வைக்கோல் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ரோசன பண்ணிப் பாத்தேன் மேஸ்திரி. அன்னிக்கு நான்தான் சரியா தட்டாம உட்டுட்டேன் போலக்கீது. நீ அலைஞ்சி தேடிக் கொண்ணாந்த சக்கரம்... உன் ஒழப்பையும் நாசம் பண்ணிட்டேன். மனசுல வச்சிக்காத."

இப்போதாவது சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பழைய கதை எதுக்கு? வுடு முனுசாமி" என்றேன்.

ஆம்... நான் அவனை மன்னித்தேன்!

அவன் என் வலக்கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். கை நனைந்தது. பிறகு வெளியே போய், மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனான்.

அவன் இன்னும் இருக்கிறான். ஊத்துக்கோட்டைச் சாலையில் போனால் அவன் வீட்டு வாசல் தெரியும். நான் அந்தச் சாலையில் போவதில்லை.

சோத்தாங்கை என்று ஏன் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வேளை தவறாமல் அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன்.